சுவிட்ச் கண்டுபிடித்தவளின் அப்பா

ஜனவரி 2, வெள்ளி

மைதா ஏஜென்ட் கொடுத்த டைரி இது. வருடா வருடம் கொடுப்பார், வருடா வருடம் பகவதி அதில் பால் கணக்கு எழுதுவாள். இந்த வருடம் நான் பிடுங்கிக்கொண்டேன்.

"நீங்க என்னத்த எழுதப் போறீய?" என்றாள்.

விஞ்ஞானியைப் பெற்றவன் எழுதாமல் வேறு யார் எழுதுவது என்றேன்.

"பெத்தது நான்" என்றாள். அதுவும் சரிதான்.

என் பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரியும் டீக்கடையும். படிப்பு பத்தாம் வகுப்பு, இரண்டு தவணையில் பாஸ். விஞ்ஞானத்தில் வாங்கிய மார்க்கை எழுதினால் டைரிக்கு அவமானம். இப்படிப்பட்டவனின் ஒரே மகள் உலகம்மை ஹைதராபாத்தில் மரபணு ஆராய்ச்சி செய்கிறாள். சர்க்கரை நோய் சிலருக்கு மட்டும் ஏன் சுலபமாக வருகிறது என்று தேடுகிறாள். அப்பன் ஜாங்கிரி விற்கிறான்.

"ஒருத்தன் குழி வெட்டுதான், ஒருத்தி ஏணி தேடுதா. நல்ல குடும்பம்வே" என்பார் மாடக்கண்ணு அண்ணாச்சி. அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். வீடு கடைக்குப் பின் தெருவில். காலையில் அவர் வந்து சீனி இல்லாத டீ குடித்த பிறகுதான் எனக்குக் கடை திறந்த மாதிரி இருக்கும். அவருக்குச் சர்க்கரை நோய் பழசு. மாத்திரை இரண்டு வேளை, ஊசி ஒரு வேளை. ஊசியை மட்டும் ஜென்ம விரோதியாகப் பார்ப்பார்.

ஜனவரி 6, செவ்வாய்

பேக்கரி அடுப்பில் பாதி பன் கருகியது. கருகாத பாதி விற்றது. கருகிய பாதி வீட்டில்.

ஜனவரி 11, ஞாயிறு

உலகு போன் செய்தாள். அவர்கள் எழுதிய கட்டுரையை ஒரு பெரிய வெளிநாட்டுப் பத்திரிகை போடுகிறதாம். நான் கல்லாவை விட்டு எழுந்து நின்றுகொண்டே பேசினேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

"என்னம்மா கண்டுபிடிச்ச? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

"ஜீன் எல்லாருக்கும் இருக்குப்பா. ஆனா அது எப்ப வேலை செய்யணும், எவ்வளவு செய்யணும்னு சொல்ற சின்னச் சின்ன இடங்கள் வேற இருக்கு. சுவிட்ச் மாதிரின்னு வச்சுக்கோங்க. அப்படி ஒரு இடத்துல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தா, இன்சுலின் சம்பந்தப்பட்ட ஒரு ஜீன் கொஞ்சம் மந்தமாயிடுது. அவங்களுக்குச் சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுது."

"கொஞ்சம்னா?"

"நூறு பேர்ல பத்துப் பேருக்கு வர்ற இடத்துல பன்னெண்டு பேருக்கு வரலாம்."

இவ்வளவையும் நான் கவனமாகக் கேட்டேன். போனை வைத்ததும் மனதில் நின்றது ஒரே வார்த்தை: சுவிட்ச்.

ஜனவரி 13, செவ்வாய்

ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். பட்டமளிப்பு அங்கியோடு உலகு நிற்கும் படம். பின்னால் மின்னல், இரண்டு புறா, முறுக்குக் கம்பி மாதிரி அந்த டி.என்.ஏ. கீழே ஓரமாக நானும் பகவதியும். எழுத்து: "சர்க்கரை நோயின் சுவிட்ச்சைக் கண்டுபிடித்த சங்கரன்கோவிலின் தவப்புதல்வியே!"

டிசைன் போடும் தம்பி தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, அடியில ஒரு வரி தூக்கலா வேணும். இல்லன்னா காதுகுத்து ஃப்ளெக்ஸ் மாதிரி இருக்கும்."

அவனும் நானுமாக யோசித்தோம். "இனி மாத்திரை இல்லை! ஊசி இல்லை!" சிவப்பில் போட்டான். பார்க்கவே ஜம்மென்று இருந்தது.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

கடையின் மாடிச் சுவர் முழுக்கக் கட்டியாகிவிட்டது. ராஜபாளையம் பஸ், தென்காசி பஸ், எது வந்து திரும்பினாலும் என் மகள் முகத்தில்தான் திரும்ப வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் ஜாங்கிரி இலவசம். சர்க்கரை நோய் ஒழிந்ததற்கு ஜாங்கிரி கொடுத்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மாடக்கண்ணு அண்ணாச்சி அண்ணாந்து முழுதும் வாசித்தார்.

"சுவிட்ச்ச அமத்திட்டா நோய் போயிருமாவே?"

"பின்ன? சுவிட்ச் எதுக்கு இருக்கு?"

"அப்ப நான் எதுக்கு வயித்துல தெனமும் குத்திக்கிட்டு இருக்கேன்?"

"இன்னும் கொஞ்ச நாள்தான் அண்ணாச்சி. எல்லாத்தையும் தூக்கித் தூரப் போட்டுரலாம்."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு ஜாங்கிரி எடுத்துக்கொண்டார். நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

ஜனவரி 17, சனி

என் மச்சினன் மகன் ஃப்ளெக்ஸைப் படம் பிடித்து உலகுக்கு அனுப்பிவிட்டான். போன் வந்தது.

"அப்பா, அதை இறக்குங்க."

"ஏம்மா, போட்டோ சரியில்லையா?"

"நான் சுவிட்ச்சையும் கண்டுபிடிக்கல, பல்பையும் கண்டுபிடிக்கல. ஒன்பது பேர் சேர்ந்து ஆறு வருஷம் செஞ்ச வேலை அது."

"மத்த எட்டுப் பேர் போட்டோ எங்கிட்ட இல்லையேம்மா."

அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கடைசி வரி ரொம்பத் தப்புப்பா. யாராவது நம்பிட்டா?"

ஃப்ளெக்ஸில் இருப்பதை இந்த ஊரில் எவன் நம்புகிறான் என்றேன். சரி, இறக்குகிறேன் என்றும் சொன்னேன். தேதி சொல்லவில்லை. தைப்பூசம் முடியட்டும். வெளியூர்க்காரர்கள் வருவார்கள்.

ஜனவரி 24, சனி

மாடக்கண்ணு அண்ணாச்சி இப்போது சீனி போட்ட டீதான் கேட்கிறார். தினமும் ஜாங்கிரியும் உண்டு. ஆள் மெலிந்து, இளவட்டம் மாதிரி இருக்கிறார். "நடையா அண்ணாச்சி?" என்றேன். சிரித்தார். டீ குடிப்பதற்குள் கடை ஜக்கில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டார். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 4, புதன்

அண்ணாச்சி இரண்டு மூன்று நாளாகக் கடைப்பக்கம் வரவில்லை. தெருமுனையில் பேச்சியம்மாள் மதினியைப் பார்த்தேன், அவர் சம்சாரம். "காலுல புண்ணு, படுத்திருக்காக" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். புண்ணுக்கு யாராவது டீயை விடுவார்களா? எனக்கு விஷயம் தெரியும். ஃப்ளெக்ஸைத் தினமும் பார்க்க அவருக்கு வயிறு எரிகிறது. அவர் பையன் பெயிலாகாமல் படித்தும் ஃபைனான்ஸ் கம்பெனியில்தான் இருக்கிறான். நாற்பது வருடப் பழக்கத்தில் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பகவதியிடம் சொன்னேன். "ஒங்க மூளைக்கு ஒரு சுவிட்ச் இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் அண்ணாச்சி அவர் வீட்டு வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பொங்கலிலிருந்து மாத்திரையும் ஊசியும் எடுக்கவில்லையாம்.

ரஸ்க் இரண்டு தட்டு போட்டோம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

திருநெல்வேலிக்குப் போனேன். ஈஸ்ட் வாங்க வேண்டியிருந்தது. அப்படியே ஆஸ்பத்திரியிலும் எட்டிப் பார்த்தேன்.

அண்ணாச்சியை உள்ளே வைத்திருக்கிறார்கள், பார்க்க விடவில்லை. சர்க்கரை ஐநூறுக்கு மேலே. இடது காலில் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. அதை எடுத்தாக வேண்டும், பாதமாவது தப்புமா என்று இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மதினி வராண்டாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் கொண்டுபோன ரொட்டிப் பையைப் பார்த்தாள்.

"சுவிட்ச்சக் கொண்டாந்திருக்கீயளா தம்பி?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாந் தூக்கிப் போட்டுரலாம்னு சொன்னீயளாமே. இந்த மனுசன் நெசமாவே தூக்கிப் போட்டுட்டாரு. ஓடையில கெடக்கு ஊசி."

பையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். ஈஸ்ட் வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

ஈஸ்ட் வாங்கத் திருநெல்வேலி போனேன். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரலை எடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 12, வியாழன்

ஈஸ்ட் வாங்கப் போனேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

"இந்த ஊரு முழுக்க உப்பி வெடிக்கிற அளவுக்கு ஈஸ்ட் இருக்கு வீட்டுல" என்றாள் பகவதி. "ஒத்தையிலயே போயிட்டு வாரீய. நாளைக்கு நானும் வாரேன். புள்ளையும் வாரா. நான்தான் போன் பண்ணேன்."

நான் ஃப்ளெக்ஸை இறக்க ஏணி கேட்டேன். ஏணி சுண்ணாம்படிக்கப் போயிருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

நேற்று மதியம் உலகு வந்து இறங்கினாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவளுக்கு நேரே அவளுடைய முகம், மின்னல், புறா. நின்று கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். நான் டீ ஆற்றுகிற பாவனையில் இருந்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். பையை வைத்துவிட்டு, "பெரியப்பாவப் பார்க்கப் போலாம்ப்பா" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பகவதியும் சேர்ந்து மூன்று பேருமாகப் போனோம். அண்ணாச்சியை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். பாதம் தப்பிவிட்டது. பாதி ஆளாக இருந்தார், வாய் மட்டும் முழுசாக இருந்தது.

"வாவே கோமதி. பாத்தியா, கிளட்ச் காலுலதான் கொறைச்சிருக்கான். ரிட்டயர்டு ஆனவனுக்கு கியரு எதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணாச்சி, நான் சொல்லப் போய்..."

"சும்மா கெட. நீ சொன்னேன்னா நிறுத்துனேன்? நீ சொல்லி எந்தக் காலத்துல நான் கேட்டிருக்கேன்? நிறுத்தணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. நீ போட்ட ஃப்ளெக்ஸு தோதா அமைஞ்சுபோச்சு."

அந்த மனிதர் எனக்காகச் சொல்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மதினி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் உலகுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தாயி, எனக்கு அந்த சுவிட்ச்ச அமத்திவிட்டுட்டுப் போ. இந்த ஊசி என்னால ஆகாது."

"அமத்த முடியாது பெரியப்பா."

"இப்ப இல்லன்னா எப்ப?"

"தெரியாது."

"அஞ்சு வருசம்?"

"தெரியாது பெரியப்பா. என் காலத்துல நடக்குமான்னே தெரியாது. உங்களுக்கு அந்த எழுத்து மாறியிருக்கான்னு கூட எனக்குத் தெரியாது. மாறாதவங்களுக்கும் நோய் வருது, மாறியிருக்கிற நிறையப் பேருக்கு வர்றதே இல்ல."

மதினி முதல் தடவையாகத் திரும்பினாள். "அப்ப இத்தன வருசமா என்னதான்மா படிச்ச?"

எனக்குச் சுருக்கென்றது. உலகு தரையில் மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பெரியப்பா பஸ்ஸு வழியில நின்னுபோச்சுன்னா என்ன பெரியம்மா செய்வாங்க? முதல்ல கோளாறு எந்தப் பக்கம்னு பார்ப்பாங்க இல்ல? நாங்க இவ்வளவு பெரிய பஸ்ஸுல ஒரு மூலையக் காட்டியிருக்கோம், இங்கயும் ஒரு கோளாறு இருக்குன்னு. அவ்வளவுதான். ஆனா அதைத் தப்பில்லாம காட்டியிருக்கோம். ஆறு வருஷமும் அது தப்போ தப்போன்னு எங்களையே மடக்கிப் பார்த்தோம்."

"மெக்கானிக் இன்னும் வரல, அப்படித்தான?" என்றார் அண்ணாச்சி.

"வரல. வர்ற வரைக்கும் வண்டிய உருட்டுறது மாத்திரையும் ஊசியும்தான். அத நீங்க நிறுத்தக் கூடாது பெரியப்பா. எனக்கு சத்தியம் பண்ணுங்க."

"எந்தக் கையால ஊசி குத்துதேனோ அந்தக் கையால அடிச்சுப் பண்ணுதேன்" என்றார்.

எத்தனை முறை தெரியாது என்று சொன்னாள்! கொஞ்சமும் கூசவில்லை, கண்ணையும் தாழ்த்தவில்லை. அவ்வளவு படித்தவள், காலில் கட்டோடு கிடக்கிற மனிதரிடம் ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்லவில்லை. நான் இந்த வயது வரைக்கும் ஒரு விஷயத்திலும் தெரியாது என்று சொன்னதில்லை. ரயில் நேரம் கேட்டாலும் தோராயமாக ஒன்றைச் சொல்லி அனுப்புகிறவன். ஆஸ்பத்திரி என்று பார்க்காமல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியில் வந்து முகம் கழுவினேன்.

கிளம்பும்போது, ஏணி வந்ததும் ஃப்ளெக்ஸை இறக்கிவிடுகிறேன் என்று மதினியிடம் சொன்னேன்.

"ஊரறிய ஏத்திட்டு சத்தமில்லாம இறக்குவீயளாக்கும்? பாத்துட்டு இன்னும் எத்தன பேரு ஊசிய ஓடையில போட்டானோ."

அதை நான் யோசிக்கவே இல்லை. தென்காசி பஸ், ராஜபாளையம் பஸ், எல்லாம் கண் முன்னே வந்து திரும்பின.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஃப்ளெக்ஸ் கடை.

"அண்ணாச்சி, பொறந்த நாளுக்கு டிசைன் இருக்கு. சடங்குக்கு இருக்கு, கண்ணீர் அஞ்சலிக்கு இருக்கு. நான் சொன்னது தப்புன்னு சொல்லுததுக்கு டிசைன் இல்லயே" என்றான் அந்தத் தம்பி.

"நீயும் நானும் சேர்ந்துதானடா முந்தினதைப் போட்டோம். இதையும் போடு."

"தப்புங்கிறத எந்தக் கலர்ல போட?"

உலகு பக்கத்தில் இருந்தாள். "கறுப்பு. பின்னால வெள்ளை. மின்னல் வேண்டாம், புறாவும் வேண்டாம்."

நான் எழுதிக் கொடுத்ததில் அவள் அடித்தது: 'தவப்புதல்வி', 'உலகமே வியக்கும்', 'பெரும்'. 'சின்ன' என்ற வார்த்தையை மட்டும் சேர்த்தாள். கடைசியில் நின்றது இது:

"என் மகள் உலகம்மை சர்க்கரை நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை. முந்தைய ஃப்ளெக்ஸில் நான் போட்டது தப்பு. யாரும் மாத்திரையையும் ஊசியையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தியிருந்தால் இன்றே டாக்டரைப் பாருங்கள். அவளும் இன்னும் எட்டுப் பேரும் ஆறு வருடம் உழைத்துக் கண்டுபிடித்தது ஒரு சின்ன மாற்றம். அது உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். எப்படிச் சரிசெய்வது என்று இன்னும் தெரியாது. இப்படிக்கு, அவளுடைய அப்பா கோமதிநாயகம், பேக்கரி."

அவளுடைய படம் வேண்டாம் என்றாள். தப்பு செய்தவன் படம்தான் போட வேண்டுமாம். போட்டார்கள். அதில் எனக்குத் திருட்டு முழி.

பிப்ரவரி 18, புதன்

ஏற்றியாகிவிட்டது. பழையதை மடித்துப் பகவதி விறகுக்கு மேலே போர்த்திவிட்டாள்.

உலகு மாலை பஸ்ஸில் கிளம்பினாள். ஏறுமுன் அண்ணாந்து என் படத்தைப் பார்த்தாள். "இதுவும் கொஞ்ச நாள் இருக்கட்டும்ப்பா" என்றாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஊரே சிரிக்கிறது. "ஓய், இன்னைக்கு எதெல்லாம் கண்டுபிடிக்கலை?" என்று கேட்டுவிட்டுத்தான் பன் வாங்குகிறார்கள். சிரிக்கட்டும். வியாபாரம் கூடியிருக்கிறது.

பிப்ரவரி 23, திங்கள்

கரிவலம்வந்தநல்லூர்க்கார அம்மா ஒருத்தி, கூடையோடு பஸ்ஸுக்கு நின்றவள், எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"நெசமாவே கண்டுபிடிக்கலையாய்யா?"

"இல்லம்மா."

"எங்க வீட்டுக்காரரு தைப்பூசத்துக்கு வந்தவரு பழைய போர்டப் பாத்துட்டு ஊசிய நிறுத்திட்டாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்காரு."

என் போனில் ஃப்ளெக்ஸைப் படம் பிடித்து, அவள் மகன் நம்பருக்கு அனுப்பினேன். சாயங்காலம் அந்த மகனே பேசினான். டாக்டரிடம் போய்விட்டு வந்துவிட்டார்களாம், ஒன்றும் முற்றவில்லையாம். அப்பாவை அதட்ட ஒரு ஆதாரம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டான்.

மதினி சொன்னது சரிதான்.

மார்ச் 1, ஞாயிறு

அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். மத்தியான வெயிலில் மதினி கடைக்கு எதிரே நின்று ஃப்ளெக்ஸை வாசிப்பதைப் பார்த்தேன். உதடு அசைந்து அசைந்து முழுதும் வாசித்தாள். பிறகு உள்ளே வந்து ஒரு கோதுமை ரொட்டி கேட்டாள்.

"எழுத்து பெருசா இருக்கு. நல்லாத் தெரியுது" என்றாள்.

ரொட்டியைக் காகிதத்தில் இரண்டு தடவை சுற்றிக் கொடுத்தேன்.

மார்ச் 16, திங்கள்

இன்று அண்ணாச்சி கம்பை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். பெஞ்சில் காலை நீட்டிப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். டீ வேலையைப் பார்த்தேன்.

ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தர், சட்டையில் பேனா குத்தியவர், ஒரு டீ சொல்லிவிட்டு மேலே பார்த்துச் சிரித்தார். "எல்லா ஊர்லயும் கண்டுபிடிச்சாங்கன்னு போர்டு வைப்பாங்க. இங்க கண்டுபிடிக்கலைன்னு வச்சிருக்கீங்க. யாருங்க இந்தப் பொண்ணு?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணாச்சி கம்பைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். பேசாதே என்று அர்த்தம்.

"நான் சொல்லுதேன் கேளும்" என்று ஆரம்பித்தார். ஜீன் மந்தமாவது, நூறு பேரில் பத்து, பன்னிரண்டு, பஸ் கோளாறு, மெக்கானிக் வராதது, ஆஸ்பத்திரியில் உலகு விளக்கியிருந்த எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் ஒரு மின்னலாவது சேர்த்திருப்பேன். அவர் ஒன்றும் சேர்க்கவில்லை.

"அப்ப பெருசா ஒண்ணும் இல்லையே?" என்றார் பேனாக்காரர்.

அண்ணாச்சி நீட்டிய காலைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்தேன். எனக்கு எப்ப சரியாகும்னு கேட்டேன். தெரியாதுன்னு என் மூஞ்சிக்கு நேரே சொல்லிச்சு. ஊசிய நிறுத்தாதேன்னு சத்தியம் வாங்கிட்டுப் போச்சு. அது பெருசா சிறுசான்னு எனக்குத் தெரியாதுவே. உசுரோட இருக்கேன்."

"யாரு பொண்ணுன்னு கேட்டேனே."

"எங்க பொண்ணு" என்றார் அண்ணாச்சி.

நான் திரும்பி நின்று டீயை ஆற்றினேன். ஆற்றிக்கொண்டே இருந்தேன். பச்சைத் தண்ணியாக ஆக்கிக் கொடுத்துவிட்டேன் என்று பேனாக்காரர் திட்டிவிட்டு பஸ் ஏறினார்.